இரத்தக் குழாயை இறுக்கும் எண்டோதீலினும் அதன் ஏற்பிகளும்

ஒரே நீளமுள்ள இரு நுண்துளைக் கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றன் உள்விட்டம் மற்றதன் உள்விட்டத்தில் சரிபாதியாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியுடன் இணைத்தால், குறுகிய குழாயின் வழியே பாதியளவு நீர் வருமென்று மாணவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். சற்றே சிந்திப்பவர்கள் கால் பங்கு என்பார்கள். உண்மையில் வருவது பதினாறில் ஒரு பங்கே. பிரெஞ்சு மருத்துவரான புவாஸேய் 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதி இது. சீராக ஓடும் திரவத்தின் வரத்து, குழாயினுடைய ஆரத்தின் நான்காவது படியைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வரத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

மனித உடலில் ஓடும் இரத்தம் இவ்விதிக்கு முற்றிலும் கட்டுப்பட்டதன்று. இரத்தம் நீரைப்போன்ற எளிய திரவமும் அன்று, குழாய்கள் கண்ணாடியால் ஆனவையும் அல்ல. எனினும், சிறு தமனிகள் சிறிதளவு சுருங்கினாலும் இரத்த ஓட்டத்தில் பெரும் மாறுதல் நேரும் என்னும் அடிப்படை உண்மை மாறுவதில்லை. இத்தமனிகளின் சுவரில் தசையணுக்கள் வளையம் வளையமாகச் சூழ்ந்துள்ளன. அவை இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். இறுகுமாறும் தளருமாறும் அவற்றுக்குக் கட்டளையிடுவது எது? நரம்புகளும் அட்ரீனல் முதலிய சுரப்பிகளின் சுரப்புகளும் என்ற விடையே நெடுங்காலம் போதுமானதாகக் கருதப்பட்டது. இவற்றைக் காட்டிலும் மிக அருகில், குழாயின் உட்புறத்திலேயே, மற்றோர் அதிகாரி அமர்ந்திருப்பது 1980க்குப் பின்னரே தெளிவாயிற்று.

உட்படலத்தின் இரு கட்டளைகள்

எல்லா இரத்தக் குழாய்களின் உட்புறத்தையும் ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான மெல்லிய படலம் ஒன்று போர்த்தியுள்ளது. எண்டோதீலியம் என்பது இதன் பெயர். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு போல இதுவும் வெறும் பூச்சு என்றே பலர் எண்ணியிருந்தனர். நியூயார்க் மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனைகளில் இவ்வெண்ணம் தகர்ந்தது. அசெட்டில்கோலின் என்னும் பொருளை இட்டபோது உட்படலம் சிதையாத துண்டுகள் தளர்ந்தன. படலம் தேய்த்து நீக்கப்பட்ட துண்டுகள் தளரவில்லை. ஆகவே தளருமாறு தசைக்குச் சொல்வது உட்படலமே என்று அவர் 1980இல் அறிவித்தார். அவ்வாறு சொல்லும் தூதன் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் எளிய வாயு என்று பின்னர் நிறுவப்பட்டது. இதற்காக 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தளர்த்தும் கட்டளை ஒன்று உண்டெனில் இறுக்கும் கட்டளையும் இருக்கக்கூடுமல்லவா? அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மாட்டின் உட்படல உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்தனர். அவை வளர்ந்த திரவம் இதயத் தமனித் துண்டுகளை இறுகச் செய்ததை 1985இல் அவர்கள் வெளியிட்டனர். அப்பொருள் புரத இனத்தைச் சேர்ந்தது என்பதற்கு மேல் அப்போது விளங்கவில்லை.

அதனைப் பிரித்தெடுத்த பெருமை ஜப்பானின் சுக்குபா பல்கலைக் கழகத்துக்கு உரியது. பேராசிரியர் டோமோ மசாக்கியின் குழுவில் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த மசாஷி யனகிசாவா, பன்றியின் பெருந்தமனியிலிருந்து பெற்ற உயிரணுக்களை வளர்த்து, அவற்றின் திரவத்திலிருந்து அப்பொருளைத் தூய நிலையில் வடித்தெடுத்தார். அதன் அமைப்பு, அதனை உண்டாக்கும் மரபணு, தமனிகளின்மீது அதன் வேலை ஆகிய மூன்றும் 1988 மார்ச்சில் ஒரே கட்டுரையில் வெளிவந்தன. ஒரு பொருளின் பெயரும் உருவும் தொழிலும் இவ்வாறு ஒருங்கே வெளிப்படுவது விஞ்ஞானத்தில் அரிது. உட்படலத்தில் பிறந்ததால் அதற்கு எண்டோதீலின் என்று பெயரிட்டனர்.

இது 21 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. கந்தக அணுக்களாலான இரு பாலங்கள் சங்கிலியின் ஒரு முனையை மடக்கிப் பிணைத்துள்ளன. இரத்தக் குழாயை இறுக்குவதில் அதுவரை வலிமை மிக்கதாகக் கருதப்பட்ட ஆஞ்சியோடென்ஸின் என்னும் பொருளைவிட இது பத்து மடங்கு வலியது என்று அக்கட்டுரை மதிப்பிட்டது. மனித உடலில் இதையொத்த மூன்று வகைகள் இருப்பது 1989இல் தெரியவந்தது. இரத்தக் குழாய்களில் முதன்மையானது முதல் வகையே.

இவ்விடத்தில் ஒரு பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாக்கடலை ஒட்டிய என்கெதிப் பகுதியின் பெயரைத் தாங்கிய, மண்ணில் வளைதோண்டி வாழும் நச்சுப் பாம்பு ஒன்று உண்டு. அதன் நஞ்சு இதயத் தமனிகளை இறுக்கிக் கொல்லும் தன்மையது. இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்த அந்நஞ்சிலும் 21 அமினோ அமிலங்கள், அதே இரு பாலங்கள், ஏறக்குறைய அதே வரிசை. பாம்பு பகையைக் கொல்லச் சுரக்கும் பொருளுக்கு உடன்பிறப்பான ஒன்று ஒவ்வொரு மனிதனின் குழாய்ச் சுவரிலும் நாள்தோறும் உருவாகிறது. தீங்கு நேராதிருப்பதற்குக் காரணம் அது பிறக்கும் அளவும் இடமுமே.

உயிரணு முதலில் 212 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியைத் தயாரிக்கிறது. அது வெட்டப்பட்டு 38 உறுப்புகளுள்ள 'பெரிய எண்டோதீலின்' ஆகிறது. அதனைத் தனி என்ஸைம் ஒன்று மீண்டும் வெட்ட, 21 உறுப்புகளுள்ள இறுதிப் பொருள் கிடைக்கிறது. இதில் பெரும்பகுதி இரத்தத்துக்குள் விடப்படுவதில்லை. எதிர்ப்புறமாக, தசையை நோக்கியே விடப்படுகிறது. எனவே இதனை உடலெங்கும் சுற்றிவரும் ஹார்மோன் என்பதைவிட, அடுத்த வீட்டுக்குச் சுவர்வழியே சொல்லும் செய்தி என்பது பொருந்தும். இரத்தத்தை எடுத்து அதிலுள்ள எண்டோதீலினை அளந்தால், தசையின் அருகே அதன் செறிவு எவ்வளவு என்பது விளங்காமற் போவதும் இதனாலேயே.

ஒரு சாவி, இரு பூட்டுகள்

செய்தி வந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்க உயிரணுவின் மேல் ஓர் உறுப்பு வேண்டும். அதுவே ஏற்பி. எண்டோதீலினின் ஏற்பிகள் உயிரணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் புரத இழைகள். சாவிக்கு ஏற்ற பூட்டு என்னும் உவமை பழையதாயினும் இங்கே பெரிதும் உதவுகிறது. ஏனெனில் இச்சாவிக்கு இரு பூட்டுகள் உள்ளன. 1990 டிசம்பரில் கியோட்டோ நகரத்துக் குழு ஒன்றும் சுக்குபா குழுவும் தனித்தனியே அவற்றின் மரபணுக்களைக் கண்டன. அவை ஏ ஏற்பி, பி ஏற்பி எனப்படுகின்றன.

ஏ ஏற்பி தமனியின் தசையணுக்களில் மிகுதி. எண்டோதீலின் அதில் பொருந்தியதும், சவ்வின் உட்புறத்தில் காத்திருக்கும் ஜி புரதம் தூண்டப்படுகிறது. அது ஓர் என்ஸைமை இயக்குகிறது. அந்த என்ஸைம் சவ்விலுள்ள கொழுப்புப் பொருள் ஒன்றைப் பிளக்கிறது. பிளவினால் விடுபட்ட சிறு மூலக்கூறு உயிரணுவின் உட்கிடங்குகளைத் திறந்து கால்சியத்தை வெளிவிடுகிறது. வெளியிலிருந்தும் கால்சியம் உள்ளே வருகிறது. கால்சியம் மிகுந்ததும் தசைநார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல, தசை இறுகுகிறது. இத்தனையும் நிகழச் சில வினாடிகளே ஆகும். ஆனால் இறுகிய தசை எளிதில் தளர்வதில்லை. இரத்தத்திலுள்ள எண்டோதீலின் சில நிமிடங்களில் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிடும். ஏற்பியில் பொருந்தியதோ அதனை விடாமற் பற்றிக்கொண்டிருப்பதால் இறுக்கம் நெடுநேரம் நீடிக்கிறது. இச்செய்தி நாட்கணக்கில் தொடர்ந்தால் தசையணுக்கள் பெருகவும் தொடங்கும். அப்போது சுவரே தடித்து, குழாயின் உள்வழி நிரந்தரமாகக் குறுகிவிடும்.

பி ஏற்பியின் கதை வேறு. எண்டோதீலினை எலியின் இரத்தத்தில் செலுத்தியபோது ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வியப்பு நேர்ந்தது. இரத்த அழுத்தம் உடனே ஏறவில்லை. முதலில் சிறிது நேரம் இறங்கியது, அதன் பின்னரே ஏறி நெடுநேரம் நின்றது. இறுக்கும் பொருள் முதலில் ஏன் தளர்த்த வேண்டும்? உட்படல உயிரணுக்களின் மேலேயே பி ஏற்பி இருப்பதுதான் காரணம். எண்டோதீலின் அதில் பொருந்தினால் அவ்வுயிரணு நைட்ரிக் ஆக்ஸைடையும் பிராஸ்டாசைக்ளின் என்னும் மற்றொரு தளர்த்தும் பொருளையும் வெளிவிடுகிறது. இறுக்குவதற்குப் பிறந்த பொருளே தன் வேகத்துக்குத் தானே கடிவாளமும் இட்டுக்கொள்கிறது. அதுமட்டுமன்று, நுரையீரல் வழியே செல்லும் எண்டோதீலினைப் பற்றி உள்ளிழுத்து இரத்தத்தைத் துப்புரவு செய்வதும் பி ஏற்பியே. இத்துணை நன்மை செய்யும் பி ஏற்பி தசையணுக்களிலும் ஓரளவு உள்ளது. அங்கே அது ஏ ஏற்பியைப் போலவே இறுக்கும் வேலையைச் செய்கிறது. ஒரே பூட்டு இரு கதவுகளில் இரு விதமாக நடந்துகொள்வது கற்பிப்பவருக்குத் தொல்லைதான். ஆயினும் பின்னர் வரும் மருந்துகளைப் பற்றிய சர்ச்சை முழுவதும் இதனைச் சுற்றியே எழுந்தது.

கருவில் செய்யும் பணி

எண்டோதீலின் இரத்தக் குழாய்களுக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்பதை 1994இல் வெளியான எலிச் சோதனைகள் காட்டின. முதல் வகை எண்டோதீலினின் மரபணு இல்லாமற் பிறந்த எலிக்குட்டிகளின் தாடையும் முகமும் தொண்டையும் சரிவர அமையவில்லை. அவை பிறந்தவுடன் மூச்சுவிட இயலாமல் இறந்தன. பி ஏற்பி இல்லாத எலிகளின் தோலில் வெண்திட்டுகள் காணப்பட்டன. பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாததால் குடல் அடைபட்டு வீங்கியது. மனிதக் குழந்தைகளிலும் இவ்வகைப் பிறவிக் குடலடைப்பு உண்டு. ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் எனப்படும் இதனுடன் பிறக்கும் குழந்தைகள் பலர் முதல் இரு நாட்களில் மலம் கழிப்பதில்லை. அமெரிக்காவின் மென்னனைட் சமூகத்துக் குடும்பங்களில் இந்நோய்க்குப் பி ஏற்பியின் மரபணுக் குறையே காரணம் என்பதும் அதே ஆண்டில் நிறுவப்பட்டது.

கருவின் முதுகுப்புறத்தில் தோன்றும் ஒருவகை உயிரணுக்கள் முகத்துக்கும் தோலுக்கும் குடலுக்கும் இடம்பெயர்ந்து செல்கின்றன. அவை போக வேண்டிய இடத்துக்குச் சென்று முறையாக வளர்வதற்கு இந்த ஏற்பிகள் தேவை. இச்செய்தி மருந்துகளைப் பற்றிப் பேசும்போது மீண்டும் நினைவுகூரப்பட வேண்டியது.

நுரையீரல் தமனியின் அழுத்தம்

கையில் பட்டை கட்டி அளக்கப்படும் இரத்த அழுத்தத்தை எல்லோரும் அறிவர். இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியின் அழுத்தம் அதனினும் மிகத் தாழ்ந்தது. உடல்நலமுள்ளவர் ஓய்வாயிருக்கையில் அதன் சராசரி பாதரச மானியில் சுமார் 14 மில்லிமீட்டரே. இது 20ஐத் தாண்டினால் நுரையீரல் இரத்த அழுத்த மிகை என்று இன்று வரையறுக்கின்றனர். தாழ்ந்த அழுத்தத்துக்கென்றே அமைந்த வல இதய அறையின் சுவர் மெல்லியது. சுமை மிகுந்தால் அது முதலில் தடிக்கும், பின்னர் விரியும், இறுதியில் தளர்ந்துவிடும்.

இம்மிகைக்குக் காரணங்கள் பல. இந்தியாவில் வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்குவதும், பிறவியிலேயே இதயத் தடுப்பில் துளை இருப்பதும் கவனிக்கத் தக்கவை. வெளிக்காரணம் எதுவும் இன்றி நுரையீரலின் சிறு தமனிகளே தடித்து அடைபடும் வகையும் ஒன்று உண்டு. அது அரிதாயினும் கொடியது. இளவயதுப் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது. இத்தகைய நோயாளிகளின் நுரையீரல் குழாய்ச் சுவர்களில் எண்டோதீலின் மிகுதியாக உருவாவதை 1993இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டியது.

கிராமங்களில் பணிபுரிவோர் இந்நோயை எதிர்கொள்ளும்போது அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நீர்க்குடத்துடன் மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. சில மாதங்களில் சமநிலத்தில் நடந்தாலும் வாங்குகிறது. வேலை செய்யும்போது மயக்கம் வருகிறது. பின்னர் கால் வீங்குகிறது. சோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும், ஆஸ்துமா என்று இழுப்பு மருந்தும் கொடுத்து மாதங்கள் கழிந்துவிடும். சோகை தீர்ந்த பின்னும் மூச்சிரைப்பு தீராத பெண்ணை இதயத்தின் எக்கோ சோதனைக்கு அனுப்புவது அவசியம். நோயை உறுதி செய்வது, வல இதயத்துக்குள் நுண்குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரே அளக்கும் சோதனையே.

பூட்டை அடைக்கும் மருந்துகள்

பூட்டுக்குள் பொருந்தி, அதனைத் திறக்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி ஒன்றைச் செய்தால் உண்மைச் சாவி உள்ளே நுழைய முடியாது. ஏற்பித் தடுப்பு மருந்துகளின் தத்துவம் இதுவே. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் ரோஷ் நிறுவனத்தில் உருவான பொசென்டான், ஏ, பி ஆகிய இரு ஏற்பிகளையும் தடுப்பது. 213 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. அளவுகோல் எளியது: ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார்? பதினாறு வாரங்களுக்குப் பின் மருந்து பெற்றவர்கள் முன்னைவிடச் சராசரி 36 மீட்டர் கூடுதலாக நடந்தனர். வெற்று மாத்திரை பெற்றவர்கள் 8 மீட்டர் குறைவாக நடந்தனர். 44 மீட்டர் வேறுபாடு கேட்பதற்குச் சிறிது. வீட்டிலிருந்து கிணற்றடிவரை நில்லாமற் செல்ல முடியுமா என்பதே கேள்வியாக உள்ளவருக்கு அது சிறிதன்று. 2001 நவம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்தை அனுமதித்தது. இந்நோய்க்கு வாய்வழி உட்கொள்ள அங்கே கிடைத்த முதல் மருந்து இதுவே. அதுவரை முக்கிய மருந்தாயிருந்தது, மார்பில் பதித்த குழாய் வழியே இரவும் பகலும் இடைவிடாது செலுத்தப்பட்ட பிராஸ்டாசைக்ளின்.

பி ஏற்பி நன்மையும் செய்வதாயிற்றே, அதனையும் ஏன் தடுக்க வேண்டும் என்று சிலர் கேட்டனர். ஏ ஏற்பியை மட்டும் தடுக்கும் மருந்துகள் இக்கேள்வியிலிருந்தே பிறந்தன. சிட்டாக்ஸென்டான் ஐரோப்பாவில் 2006இலும், ஆம்பிரிசென்டான் அமெரிக்காவில் 2007இலும் அனுமதி பெற்றன. தருக்கப்படி இவை மேலானவையாக இருந்திருக்க வேண்டும். நோயாளிகளிடமோ, ஒன்று மற்றதைவிட ஐயமின்றிச் சிறந்தது என்று நிறுவப்படவில்லை. சிட்டாக்ஸென்டான் கல்லீரலைச் சிதைத்து மரணம் விளைவித்ததால் 2010 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. காகிதத்தில் அழகாயிருக்கும் வாதம் உடலினுள் அவ்வாறே நடக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இரு ஏற்பிகளையும் தடுக்கும் மாஸிடென்டான் 2013இல் வந்தது. 742 நோயாளிகளை நெடுங்காலம் பின்தொடர்ந்த அதன் சோதனையில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் உட்கொண்டோரிடம் நோய் முற்றுதல் அல்லது மரணம் என்னும் கூட்டு அபாயம் 45 விழுக்காடு குறைந்தது. இக்குறைவு பெரும்பாலும் நோய் முற்றாமல் காத்ததால் கிட்டியது. இன்று எண்டோதீலின் தடுப்பு மருந்துடன், நைட்ரிக் ஆக்ஸைடின் வழியை வலுப்படுத்தும் டடாலாபில் போன்ற மருந்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுப்பது பெருவழக்கு. இறுக்கும் குரலை அடக்கித் தளர்த்தும் குரலை உயர்த்துவது இதன் நோக்கம்.

எல்லா நோய்களிலும் இத்தடுப்பு உதவவில்லை. இட இதயம் தளர்ந்த நோயாளிகளிடம் பெரும் நம்பிக்கையுடன் சோதித்தபோது நன்மை கிட்டவில்லை. உடலில் நீர் தங்கி நிலைமை மோசமாயிற்று. சிறுநீரகத்தில் உப்பை வெளியேற்றத் துணைசெய்வதும் இந்த ஏற்பிகளே என்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே வால்வு நோயினாலோ இட இதயத் தளர்ச்சியினாலோ நுரையீரல் அழுத்தம் ஏறியவருக்கு இம்மருந்துகள் உரியவையல்ல. எந்தக் காரணத்தால் ஏறியது என்று அறியாமல் மாத்திரையைத் தொடங்குவது தீங்காக முடியும். புதிதாக, வேறு மருந்துகளுக்கு அடங்காத இரத்தக் கொதிப்புக்கு அப்ரோசிடென்டான் 2024இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஐ.ஜி.ஏ. என்னும் சிறுநீரக நோய்க்கு ஸ்பார்சென்டான் 2023இலும் அட்ராசென்டான் 2025இலும் அங்கே அனுமதி பெற்றன.

மருந்து உட்கொள்ளும் பெண்

கருவின் முகமும் தாடையும் அமைவதற்கு எண்டோதீலின் தேவை என்பது முன்னரே கூறப்பட்டது. மருந்து ஏற்பியை அடைத்தாலும், மரபணு இல்லாத எலியிடம் கண்ட அதே வகை ஊனங்கள் விலங்குகளின் குட்டிகளிடம் தோன்றின. எனவே இவ்வினத்து மருந்துகள் யாவும் கர்ப்பிணிகளுக்கு விலக்கப்பட்டவை. நுரையீரல் அழுத்த மிகையுள்ள பெண்ணுக்குக் கர்ப்பமே பேராபத்து. 1998இல் வெளிவந்த ஒரு தொகுப்பில், அத்தகைய தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்ததாகக் காணப்பட்டது. ஆகவே மருந்தைத் தொடங்குமுன்னும் பின்னர் மாதந்தோறும் கர்ப்பச் சோதனை செய்து, மருந்தை நிறுத்திய பின் ஒரு மாதம்வரை கருத்தடையைத் தொடர வேண்டும்.

பொசென்டானில் மற்றுமொரு சிக்கல் உண்டு. அது கல்லீரலின் என்ஸைம்களைப் பெருக்கி, கருத்தடை ஹார்மோன்களை விரைவாக அழித்துவிடுகிறது. மாலா-என் போன்ற மாத்திரையையோ அந்தரா ஊசியையோ மட்டும் நம்பியிருக்கும் பெண், தான் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக் கருவுறக்கூடும். காப்பர்-டி போன்ற ஹார்மோன் சாராத முறையைப் பற்றி மருத்துவருடன் பேசுமாறு அவளிடமும் கணவனிடமும் சொல்ல வேண்டும். நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர் இதைக் கேட்கவில்லையெனில், நகரத்து மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சீட்டும், ஊர்த் துணை நிலையத்தில் வாங்கும் மாத்திரையும் ஒன்றையொன்று அறியாமலே இருந்துவிடும்.

பொசென்டான் பித்த உப்புகளைக் கல்லீரலிலிருந்து வெளியேற்றும் வழியைத் தடுப்பதால், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கல்லீரல் என்ஸைம்கள் இரத்தத்தில் மும்மடங்குக்கு மேல் ஏறுகின்றன. அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ இது பெரும்பாலும் சீரடையும். மாதந்தோறும் இரத்தச் சோதனை செய்வது இதற்காகவே. கண் மஞ்சளாதல், வாந்தி, வலப்புற வயிற்றுவலி, காரணமற்ற பெருஞ்சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த மாதச் சோதனைக்குக் காத்திராமல் உடனே அனுப்ப வேண்டும். இவ்வினத்து மருந்துகளால் கால் வீக்கமும், ஹீமோகுளோபின் சிறிது குறைதலும் நேரலாம். ஏற்கெனவே சோகையுள்ள பெண்களிடம் பின்னதைக் கவனிக்க வேண்டும்.

நீரிழிவுக்கு வழங்கப்படும் கிளிபென்கிளமைடைப் பொசென்டானுடன் சேர்த்தல் ஆகாது. கல்லீரல் கேடு மிகும். உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரினும் அவ்வாறே விலக்கப்பட்டது. காசநோய்க்கான ரிபாம்பிசின் சேர்ந்தால், முதல் சில நாட்களில் பொசென்டானின் அளவு இரத்தத்தில் பன்மடங்கு ஏறி, பின்னர் தனியே உட்கொள்ளும்போது இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காசநோய்ச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே நுரையீரல் அழுத்த மருத்துவருக்குத் தெரிவித்தால், அவர் கல்லீரல் சோதனையை வாரந்தோறும் வைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ இயலும்.